குளிக்கப் போனவர்

குளித்துவிட்டு வந்த கணவர் அறைக்கதவைத் தனக்குப் பின்னால் சாத்தினார். ஹாட்சுயோவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

முப்பத்தொரு வருடத்தில் குனிஹிகோ எந்தக் கதவையும் சாத்தியதில்லை. மோரியோகா வீட்டில், பனி கொட்டும் ஜனவரியிலும், அவர் போன வழியெல்லாம் கழிவறைக் கதவு, சமையலறைக் கதவு, ஃபிரிட்ஜின் கதவு என்று வரிசையாகத் திறந்து கிடக்கும். பின்னாலேயே நடந்து ஒவ்வொன்றாகச் சாத்துவதற்குத்தான் இந்த மனிதர் என்னைக் கட்டிக்கொண்டார் என்று தங்கையிடம் போனில் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது.

இன்றைக்கு அவர் உடனே உள்ளேகூட வரவில்லை. விடுதி கொடுத்த நீலக்கோடு போட்ட பருத்தி அங்கியோடு, இரண்டு கைகளையும் தொங்கவிட்டபடி, வாசற்கட்டைக்கு அந்தப் பக்கம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நடைக்கூடத்தின் குளிர் அவரைச் சுற்றிக்கொண்டு அறைக்குள் வந்தது.

"என்ன, அங்கயே நின்னுக்கிட்டு? குளிர் பூரா உள்ள வருது. வந்து தொலைங்க."

சொன்ன பிறகுதான் வந்தார். இழுப்புக்கதவை இரு கையாலும் பிடித்து, சத்தமே எழாமல், ஒரு விரற்கடை இடைவெளிகூட இல்லாமல் சாத்தினார். வழக்கமாகத் தலையணையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒருக்களித்துச் சாய்கிறவர், மேசைக்கு எதிரே முழங்கால்களை மடித்து, முதுகு நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"இவ்வளவு சீக்கிரமாவா?" என்றாள். வீட்டுத் தொட்டியிலேயே ஒரு மணி நேரம் ஊறுகிற ஆள். போய்ப் பதினைந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. தலைமுடி உலர்ந்து கிடந்தது. ஆனால் குதிகாலடியில் கோரைப்பாய் நனைந்து, ஈரம் மெல்லப் படர்ந்தது. பால் கலந்த கழுநீர்போன்ற வெளுத்த ஈரம். அழுகிய முட்டையும் துருப்பிடித்த இரும்பும் கலந்த கந்தக வாடை.

"காலைத் தொடைச்சுட்டு வரக்கூடாதா? பாய் நாறிப்போகும், நாளைக்கு விடுதியம்மாகிட்ட நான்தான் தலை குனியணும்."

எழுந்து போய்த் துண்டெடுத்து அவளே துடைத்தாள். துடைத்த இடம் மறுபடியும் நனைந்தது. அவர் குனிந்து, அவள் கை போகும் திசையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். சண்டை இப்போது வேண்டாம். இன்றைக்கு வேறு வேலை இருக்கிறது. கைப்பையின் உள்ஜிப்புக்குள், நாலாக மடித்த விவாகரத்துப் படிவம் இருந்தது. அவள் பக்கத்துக் கட்டத்தில் பெயர் எழுதி, கையெழுத்துக்குப் பதிலான பெயர் முத்திரையும் குத்தியாகிவிட்டது. அவர் எழுதி ஒரு முத்திரை குத்தினால் போதும், திங்கட்கிழமை நகர அலுவலகத்தில் கொடுத்துவிடலாம். மூன்று மாதமாக இதைச் சொல்ல முயன்று, மூன்று மாதமாக முடியவில்லை. ஓட்டுநர் பள்ளியில் முப்பத்தாறு வருடம் பயிற்சியாளராக இருந்து செப்டம்பரில் ஓய்வு பெற்றார். அன்று ராத்திரி சொல்லலாமென்று வாய் திறந்தாள். பேஸ்பால் ஆட்டம் என்று கையைக் காட்டி நிறுத்தினார். அக்டோபரில் ஒரு முறை. "அப்புறம் பாத்துக்கலாம்." எதைச் சொல்ல வருகிறாள் என்றுகூடக் கேட்காமல், அப்புறம். பிறகு ஒருநாள், அவளைக் கேட்காமலே இந்த மலை வெந்நீரூற்று விடுதியில் அறை பிடித்துவிட்டு வந்து நின்றார். கந்தக வாடை அவளுக்குத் தலைவலி கொடுக்கும் என்பது முப்பத்தொரு வருடமாகச் சொல்லப்பட்டுவரும் விஷயம்.

வந்து சேர்ந்ததும், "ஏய், அங்கி எங்க?" என்றார். கொடுத்தாள். கீழே ஓடையை ஒட்டியிருந்த ஆண்கள் குளத்துக்குப் போய்விட்டார். கதவைத் திறந்து போட்டுவிட்டுத்தான் போனார்.

தேநீர்க் கெண்டியை எடுக்கக் கை நீட்டினாள். அவர் கை அதற்கு முன்னால் நீண்டது. கெண்டியைத் தூக்கி அவள் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினார். வழிந்து மேசையில் ஓடும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"போதும்! என்ன ஆச்சு உங்களுக்கு?"

"சொல்லு," என்றார்.

"என்னத்த?"

"எதையாவது. கேட்டுக்கிட்டிருக்கேன்."

அப்போது மூலையில் இருந்த போன் அடித்தது. விடுதியம்மா. குரலில் பட்டுத்துணி மாதிரி ஒரு பணிவு.

"ஒனோதெரா அம்மா, தொந்தரவுக்கு மன்னிக்கணும். ஐயா துண்டு எடுக்காம வந்துட்டாரு போல. ஆண்கள் குளத்துலேருந்து குரல் குடுத்துக்கிட்டே இருக்காரு. ஏய், துண்டு, ஏய், துண்டுன்னு. ஒண்ணு கொண்டுபோய்க் குடுக்கட்டுங்களா?"

"அவரு இங்கதான் இருக்காரு."

மறுமுனையில் எங்கோ தண்ணீர் சொட்டும் ஓசை மட்டும் கேட்டது.

"அப்படிங்களா. எப்ப வந்தாரு?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"நீங்கதான் உள்ள வரச் சொன்னீங்களா?"

"இதென்ன கேள்வி? புருஷன் ரூமுக்கு வந்தா வாசல்லயா நிக்கவைப்பாங்க?"

"இல்லைங்க, சரிதாங்க. அப்ப சாப்பாடு ரெண்டு பேருக்கு. ஆறு மணிக்கு வந்துடும்."

"குளத்துல வேற யாராவது விருந்தாளி கூப்பிட்டிருப்பாங்க."

"இன்னிக்கு நீங்க ரெண்டு பேர்தாங்க," என்று மிக மரியாதையாகச் சொல்லிவிட்டு அந்த அம்மாள் வைத்துவிட்டாள்.

ஹாட்சுயோ போனையே பார்த்தாள். வயதான பொம்பளை, காது மந்தம். ஓடை இரைச்சலில் எதையோ கேட்டிருக்கிறாள். இந்த மாதிரி இடத்துக்கு இந்த விலை. கைப்பேசியை எடுத்தாள். ஒரு கோடுகூட இல்லை. ஜன்னலோரம் போய்த் தூக்கிப் பிடித்தாள், கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்த்தாள். வெளியே ஐந்து மணிக்கே இருட்டி, பஞ்சுப் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"யாருக்கு?" என்றார் பின்னாலிருந்து.

"உங்க பொண்ணுக்குத்தான். வந்து சேந்தோம்னு மினோரிக்கு ஒரு வார்த்தை போடலாம்னா இந்தக் காட்டுல சிக்னலே இல்ல."

கண்ணாடியில் அவர் உருவம் தெரிந்தது. அவர் உதடுகள் ஓசையில்லாமல் அசைந்தன. மி. னோ. ரி.

இனி தள்ளிப்போட்டால் இன்னொரு முப்பது வருடம் ஓடிவிடும் என்று தோன்றியது. கைப்பையைத் திறந்து படிவத்தை எடுத்து, தேநீர் ஈரத்தைத் துடைத்துவிட்டு மேசைமேல் விரித்தாள்.

"இதுல உங்க பேர எழுதி முத்திரை போடணும்."

அவர் காகிதத்தின்மேல் முகத்தைக் கொண்டுபோய், முகர்வதுபோல வெகுநேரம் பார்த்தார்.

"போட்டா நான் யாரு?"

"போட்டா நீங்க எனக்கு யாருமில்ல."

"அப்ப வேண்டாம்," என்றார். "நான் யாராவது ஆகணும்."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தாள். கண்ணில் கோபத்தில் நீர் முட்டியது. "ஏன்னு கேக்க மாட்டீங்க. என்ன குறைன்னு கேக்க மாட்டீங்க. இப்பவும் நக்கல்தான்."

"ஏன்?" என்றார் அவர்.

அந்த ஒரு சொல்லுக்கு அவள் தயாராக இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். குனிஹிகோவின் முகம்தான். மூக்கின் இடப்பக்க மச்சம், அறுபது வயதின் சுருக்கங்கள். மூக்குக்கண்ணாடியைத்தான் குளியலிடத்தில் மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறார். அந்த முகம் முழுசாக அவள் பக்கம் திரும்பியிருந்தது. கண் இமைக்கவில்லை.

"என்ன குறை? அவரு என்ன செய்வாரு? எல்லாத்தையும் சொல்லு."

தன்னையே யாரோபோல் சொல்லிக் குத்திக்காட்டுகிறார் என்றுதான் அப்போதும் எடுத்துக்கொண்டாள். சொல்லத் தொடங்கினாள்.

முதலில் தயங்கித் தயங்கி வந்தது; பிறகு மடை உடைந்ததுபோல் கொட்டியது. சாப்பிடும்போது மூன்று முறை தொண்டையைச் செருமுவது. பல்குத்தியை வாயோரத்தில் வைத்துக்கொண்டே பேசுவது. அவள் ஏதாவது சொன்னால் "ம்" என்பது, அந்த "ம்"முக்குள் ஒன்றுமே இல்லாதது. யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும், வீட்டுச் சோபாவிலும்கூட, பயிற்சி வண்டியின் பிரேக்கை மிதிப்பதுபோல் வலதுகால் தரையை அழுத்திக்கொண்டே இருப்பது. தூக்கத்திலும் அழுத்துவது. அதில் அவள் எத்தனை ராத்திரி உதைபட்டு விழித்திருக்கிறாள் என்பது. மினோரி பிறந்த அன்று மருத்துவமனைக்கு ஒரு மணி நேரம் பிந்தி வந்து, "பொண்ணா?" என்று மட்டும் கேட்டது.

"வேற?" என்றார் அவர். "வேற?"

ஆறு மணிக்குப் பணிப்பெண் மாட்சு சாப்பாட்டுத் தட்டுகளைக் கொண்டுவந்தாள். ஐம்பது வயதைத் தாண்டிய பருத்த பெண். வரும்போது வாய் நிறையப் பேச்சோடு வந்தாள். "இந்த ஆத்து மீனு எங்க வீட்டுக்காரர் பிடிச்சதுங்க, முள்ளைக்கூட விடமாட்டீங்க பாருங்க..." என்று சொல்லிக்கொண்டே மண்டியிட்டு நகர்ந்தவள், அவர் காலடியில் நனைந்திருந்த பாயைக் கண்டாள். பேச்சு அறுந்தது. ஹாட்சுயோவின் தட்டை ஒழுங்காக வைத்தாள். அவருடைய தட்டைக் கைநீளத்துக்கு எட்டத் தள்ளினாள். காளான் குழம்பு தளும்பிச் சிந்தியதைத் துடைக்காமல், வணங்காமல், பின்பக்கமாகவே நகர்ந்து வெளியே போய்விட்டாள்.

"பாத்தீங்களா மரியாதையை? இந்த இடத்தைத்தான் தேடிப் பிடிச்சீங்க."

அவர் உடனே சாப்பிடவில்லை. அவள் குச்சிகளைக் கையில் எடுக்கும்வரை காத்திருந்து, பிறகு எடுத்தார். அவள் மீனைத் தொட்டால் அவரும் மீனைத் தொட்டார். அவள் கிண்ணத்தை உயர்த்தினால் அவரும் உயர்த்தினார். இரண்டு மூன்று கவளம் போன பிறகுதான் எது உறுத்துகிறதென்று அவளுக்குப் பிடிபட்டது. குச்சிகள் இடதுகையில் இருந்தன.

"எப்பலேருந்து இடதுகை?"

அவர் தன் கையைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். கண்ணாடிக்கு எதிரே நிற்கிற குழந்தையின் குழப்பம் ஒரு கணம் அந்த முகத்தில் ஓடியது. குச்சிகள் வலதுகைக்கு மாறின.

"இதுவா அவரு சாப்பிடுற கை?"

ஹாட்சுயோவின் வாயிலிருந்த சோறு இறங்கவில்லை.

"நீங்க... ஏன் அப்படிப் பேசுறீங்க?"

"எப்படி?"

"அவரு அவருன்னு."

அவர் யோசித்தார். தொண்டையைச் செருமினார். ஒருமுறை. இருமுறை. மூன்றாவது முறை கொஞ்சம் கரகரத்து, மிகச் சரியாக வந்தது. "எப்படிப் பேசணும்?" என்று கேட்டுவிட்டு, தானே பதில் கண்டுபிடித்தவர்போல் முழங்கால்களைப் பிரித்து, தலையணையை இழுத்துப் போட்டு, ஒருக்களித்துச் சாய்ந்தார். பல்குத்தி வாயோரத்துக்குப் போனது.

"ம்," என்றார்.

வலதுகால் பாயை மெல்ல அழுத்தியது. விட்டது. அழுத்தியது.

ஹாட்சுயோ எழுந்தாள். தட்டைத் தள்ளிய சத்தத்தில் அவளே அதிர்ந்தாள். போன் இருந்த மூலைக்குப் போய், அவருக்கு முதுகு காட்டாமல், எண்ணை அழுத்தினாள்.

"விடுதியம்மா, எனக்கு வேற ரூம் வேணும். இப்பவே."

"மத்த ரூமெல்லாம் குளிர்காலத்துக்கு மூடியாச்சுங்களே."

"அப்ப ஒரு டாக்ஸி கூப்பிடுங்க."

"பனி விழுந்தா கீழ ரோட்டுல தடுப்பு போட்டுடுவாங்க. வழக்கந்தாங்க."

"நீங்க மேல வாங்க. வந்து இவரைப் பாருங்க!"

"ஐயாவுக்கு உடம்பு சரியில்லீங்களா?"

"இல்ல. ஆனா..." ஆனால் என்ன? கணவர் கதவைச் சாத்துகிறார். தேநீர் ஊற்றுகிறார். சொல்வதைக் கேட்கிறார். இதை எப்படிச் சொல்வது?

"காலையில பேசலாங்க," என்றது பட்டுக்குரல். "காலையில எல்லாருக்கும் பழகிப்போயிடும்."

போனை ஓங்கி வைத்தாள். ஊரில் அந்த மனிதர் கேட்கவில்லை. இங்கே இவர்கள் கேட்கவில்லை. கேட்ட ஒரே ஆள் அதோ சாய்ந்து கிடந்தது. மேசைமேல் படிவம் கிடந்தது. வெறும் வீம்பில், அழுகைக்கும் ஆத்திரத்துக்கும் நடுவில், அதை எடுத்து அதன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"போடுங்க முத்திரையை. யாரா இருந்தாலும் போடுங்க."

பல்குத்தி ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நகர்ந்தது.

"அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் குனிஹிகோ.

அதே குரல். அதே இழுப்பு. இதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேனா? சொன்னாளா? பட்டியலில் இதுவும் இருந்ததா? நினைவில்லை. எவ்வளவு சொன்னோம் என்றே நினைவில்லை.

சுவரோரமாக உட்கார்ந்தாள். விளக்கை அணைக்கவில்லை. பனி ஓட்டிலிருந்து பொத்தென்று சரிந்து விழும் ஓசை. ஓடையின் இரைச்சல். குழாய்க்குள் வெந்நீர் ஏறி இறங்கும் குமுறல். அது எல்லாவற்றுக்கும் அடியில், கீழே, இன்னொரு ஓசை.

மாடிப்படி.

ஈரக்கால் மரத்தில் படும் சத்தம். ஒரு படி. நிற்கிறது. இன்னொரு படி. நடைக்கூடம். பக்கத்து அறைக் கதவை யாரோ தடவுகிறார்கள். அது பூட்டியிருக்கிறது. அடுத்த கதவு. பிறகு இந்தக் கதவு.

"ஹாட்சுயோ."

பெண்பார்த்த அன்று தேநீர்க்கடையில், பெரியவர்கள் எழுந்து போன பிறகு, கூச்சத்தோடு ஒருமுறை அந்தக் குரல் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு "ஏய்"தான். கொஞ்சம் முன்னால்கூட இங்கே இருப்பவரிடம் அதைச் சொல்லிக் குமுறியிருந்தாள்.

"ஹாட்சுயோ, கதவைத் திற. தயவுசெஞ்சு. குளிருது."

"எவனோ குடிகாரன்," என்றது தலையணையில் கிடந்தது, திரும்பாமலே. "போயிடுவான். நான் என்னிக்காவது உன்னப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கேனா?"

இல்லை. தயவுசெஞ்சு என்றும் சொன்னதில்லை.

அவள் தவழ்ந்துபோய்க் கதவின் பிடிப்பள்ளத்தில் விரலை வைத்தாள். மேற்பாதியில் ஒட்டியிருந்த வெள்ளைக் காகிதத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நிழல் இருந்தது. தோள்கள் தொங்கிய நிழல்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

நீண்ட மூச்சு. "வண்டி... வண்டி ஓட்டச் சொல்லிக்குடுக்கிறவன்."

"நம்ம பொண்ணு பேரு என்ன?"

சொட்டுச்சொட்டாகத் தரையில் நீர் விழுந்தது.

"தெரியல," என்றது குரல். உடைந்து அழுதது. "படி ஏறும்போதுகூட இருந்துச்சு. தண்ணில உக்காந்திருந்தேன், பக்கத்துல யாரோ வந்து உக்காந்தாங்க. உன்னப் பத்திக் கேட்டாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா... ஹாட்சுயோ, இப்ப உன் பேரு மட்டும்தான் இருக்கு. அத விட்டுடக்கூடாதுன்னு சொல்லிக்கிட்டே வந்தேன்."

"மினோரி," என்றார் பின்னாலிருந்து குனிஹிகோ, கொட்டாவியோடு. "இதுகூடத் தெரியாம வந்துட்டான். ஏய், விளக்க அணை. தூக்கம் வருது."

அவள் விரல் பிடிப்பள்ளத்திலேயே இருந்தது.

அவள் திறந்திருக்கலாம். இழுத்தால் போதும். மறுநாளும் அதற்குப் பிந்தைய நாட்களிலும் அந்த விரலைத்தான் நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்த நேரத்தில் மனதில் ஓடியது ஒன்றே ஒன்று. முப்பத்தொரு வருடமாக வராத பெயர், வராத அழுகை, இன்றைக்கு எங்கிருந்து வந்தது? பெயர் சொல்லி அழுவது குனிஹிகோவாக இருக்க முடியாது. உள்ளே கிடப்பதும் இல்லை. இரண்டில் எது குறைவாகப் பொய்?

"ஹாட்சுயோ."

விரல் நகரவில்லை.

"ஹாட்சு..."

காகிதத்தில் ஈரவட்டம் ஒன்று தோன்றியது. வெளியிலிருந்து முகத்தை அழுத்துகிறார். நெற்றி. கன்னங்கள். மூக்கு படவேண்டிய இடத்தில் மேடு இல்லை. தட்டையாக, வழுவழுவென்று ஈரம் பரவியது.

"ஹா."

மூச்சு.

"ஹ."

பிறகு அதுவும் இல்லை. கால்கள் திரும்பிப் போயின. கீழே. மெதுவாக. வழி தெரிந்தவர்போல.

பின்னால் குறட்டை தொடங்கியது. இழுத்து, நின்று, சீறி விடும் குறட்டை. வலதுகால் போர்வைக்கு அடியில் அழுத்தியது. விட்டது. அழுத்தியது.

சாம்பல் வெளிச்சம் காகிதத்தில் படும்வரை அவள் அங்கேயே இருந்தாள். அந்த வெளிச்சத்தில்தான், ஏதோ ஒரு நிமிடத்தில், தெளிவாகத் தெரிந்தது. பயத்தில் இருக்கும் மனிதன் எதை வேண்டுமானாலும் செய்வான். மனைவியின் பெயரைக்கூடச் சொல்வான்.

எழுந்து கதவைத் திறந்தாள்.

நடைக்கூடத்தில் விடுதியம்மா மண்டியிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூந்தல் ஒரு இழை கலையாமல், இடுப்புப்பட்டை கச்சிதமாக. கையிலிருந்த துணி வெளுத்த நீரில் ஊறியிருந்தது. படிவரை துடைத்தாயிற்று. இந்த அறை வாசல்தான் பாக்கி.

"நல்லாத் தூங்கினீங்களா? ஐயா எழுந்துட்டாருங்களா? சாப்பாடு ஏழு மணிக்கு."

"ராத்திரி என் வாசலுக்கு வந்தது யாரு?"

"பனியில மரம் சத்தம் போடுங்க."

"உங்க கையில இருக்கிறது மரமா?"

விடுதியம்மா துணியைப் பார்த்தாள். வாளியில் பிழிந்தாள். சிரித்த முகம் மாறவில்லை.

"எங்க வீட்டுக்காரரும் இங்கதாங்க தினம் குளிப்பாரு. கல்யாணமான புதுசுல ஒருநாள் சீக்கிரம் வந்துட்டாரு. வாசல்ல நின்னாரு. நானும் உங்கள மாதிரிதான், உள்ள வாங்கன்னேன்." மறுபடி துடைக்கத் தொடங்கினாள். "நாப்பது வருஷமாச்சு. ஒரு குறையும் சொல்லமுடியாதுங்க. நான் சொல்லிக்குடுத்தபடியே இருக்காரு."

ஹாட்சுயோ அவளைத் தாண்டிக்கொண்டு ஓடினாள். படிகளில் செருப்பில்லாத கால் வழுக்கியது. கீழே, ஓடைமேல் போட்ட கூரைவைத்த மரப்பாலம். இரு பக்கமும் இரவெல்லாம் விழுந்த பனி முழங்காலளவு. பாலத்தின் முடிவில் கருநீலத் திரை தொங்கும் ஆண்கள் வாசல். திரையை விலக்கினாள். உடை மாற்றும் இடத்தில் கூடைகள் கவிழ்ந்திருந்தன. ஒன்று மட்டும் நிமிர்ந்திருந்தது. அதில் குனிஹிகோவின் மூக்குக்கண்ணாடி இருந்தது. அவர் அங்கி இல்லை.

கண்ணாடியை எடுத்துக்கொண்டாள். உள்கதவைத் தள்ளினாள்.

ஆவி. முகத்தில் அடித்த கந்தகம். கண் எரிந்தது. பாறைகளால் வளைத்த குளம், உள்ளே பால் மாதிரி நீர், அதற்கு மேல் ஒன்றும் தெரியாத வெண்மை. கால் கூசும் ஈரக்கல்லில் நின்றாள். அப்படியே நின்றாள். ஓடையிலிருந்து ஒரு காற்று வந்தது. ஆவி கொஞ்சம் கலைந்தது.

தாடைவரை நீரில் அமிழ்ந்து, பாறையோரமாக, இடம் விட்டு இடம் விட்டு உட்கார்ந்திருந்தன. ஒன்று. அந்த மூலையில் இன்னொன்று. எண்ணினாள். ஆறு. முடியில்லாத, தேய்ந்த சோப்புக்கட்டிபோல் மழுங்கிய ஆறு தலைகள். மூக்கில்லை. மச்சம் இருக்கவேண்டிய இடமில்லை. கண்கள் இருந்த குழிகளை வெள்ளைத் தோல் மூடியிருந்தது. எதுவும் அசையவில்லை. வெறுமனே காத்திருந்தன, வெகுகாலமாகக் காத்திருப்பவைபோல.

எது? நேற்றைக்கு வந்தது எது? இது கொஞ்சம் பருமன். அதோ அதன் தோள் சரிந்திருக்கிறது. அந்தக் கோடியில் இருப்பதா? முப்பத்தொரு வருடம் பார்த்த மனிதர். முதுகைப் பார்த்தால் தெரியாதா? தெரியவில்லை. அவளுக்குத் தெரியவில்லை.

மூக்குக்கண்ணாடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கூப்பிட வாய் திறந்தாள். எந்நாளும் கூப்பிடுகிறபடிதான் வந்தது.

"என்னங்க..."

ஆறு தலைகளும் திரும்பின.

வாய் இருந்த இடத்தில் ஒவ்வொன்றிலும் தோல் உள்ளுக்கு இழுபட்டது. மெல்லியதானது. கிழிந்தது. கிழிசலுக்குள் வெள்ளை நீர் போய் வந்தது. பிறகு ஆறும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, அவள் நின்ற கரையை நோக்கி, கைகளை நீட்டியபடி நீரில் நடந்து வரத் தொடங்கின.